தன்னுடல் தாக்குநோய்களில் புரோபயாட்டிக் பயன்பாடு

தன்னுடல் தாக்குநோய்களில் புரோபயாட்டிக் பயன்பாடு என்பது, அத்தகைய நோய் உடையவர்கள் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், மலச்சிக்கல் போன்ற செரிமானக் கோளாறுகளுக்காக நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளை உட்கொள்வதைக் குறிக்கும். உடலின் நோயெதிர்ப்பு முறைமை தன் சொந்த உறுப்புகளையே தாக்குவதால் உண்டாகும் நோய்கள் தன்னுடல் தாக்குநோய்கள் எனப்படுகின்றன. முடக்கு வாதம், லூபஸ், சீலியாக் நோய் ஆகியன இவற்றுள் சில. பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் ஆகிய அழற்சிக் குடல் நோய்களும் பெரும்பாலும் இவற்றுடன் சேர்த்தே நோக்கப்படுகின்றன. புரோபயாட்டிக்கின் பயன் நுண்ணுயிரியின் வகை, நோய், நோயாளியின் எதிர்ப்பு ஆற்றல் ஆகிய மூன்றையும் பொறுத்து வேறுபடும்.

வரையறை

உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் 2001ஆம் ஆண்டில் கூட்டிய வல்லுநர் குழு, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடல்நலத்திற்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாட்டிக் என வரையறுத்தது. இதன்படி நுண்ணுயிரி உயிருடன் இருத்தல் வேண்டும். அதன் நன்மை ஆய்வில் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உணவில் சேர்க்கப்படும் புரோபயாட்டிக்குகளை மதிப்பிடும் முறையை விளக்குகின்றன.

உள்ளூர் உணவுகள்

விருதுநகர் மாவட்டத்தில் அருகருகே அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களின் உணவுகளைக் கொண்டு இவ்வரையறையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பாலை நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்துச் செய்யப்படுவது. அவ்வெப்பத்தில் பாலிலுள்ள நுண்ணுயிரிகள் அழிந்துவிடுவதால் அது புரோபயாட்டிக் உணவு ஆகாது. இட்லி மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகள் பெருகினாலும், வேகவைக்கையில் அவை மடிகின்றன. தயிர், மோர், பழைய சோறு ஆகியவற்றில் உயிருள்ள பாக்டீரியாக்கள் உள்ளன. எனினும் வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை எண்ணிக்கையில் உள்ளது என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். ஆகவே அது நல்ல உணவே ஆயினும், அளவு அறுதியிடப்பட்ட மருந்து அன்று.

பழைய சோறு அழற்சிக் குடல் நோயாளிகளுக்குப் பயன்படுமா என்பதை ஆராயும் பணி, 2020களின் தொடக்கத்தில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் தமிழ்நாடு அரசின் நிதியுதவியுடன் மேற்கொள்ளப்பட்டது. ஓர் உணவு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது, அது நோயைக் குணப்படுத்தும் என நிறுவப்பட்டதாகப் பொருள்படாது.

ஆய்வுச் சான்றுகள்

இந்தியாவின் பல மருத்துவ நிலையங்களில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மிதமான பெருங்குடல் புண் அழற்சி உடைய 147 பேர் பங்கேற்றனர். எட்டு பாக்டீரியா வகைகள் அடங்கிய கலவையைப் பெற்றவர்களில் 42.9 விழுக்காட்டினருக்கு 12 வாரங்களில் நோய் தணிந்தது. போலி மருந்து பெற்றவர்களில் இது 15.7 விழுக்காடு. இம்முடிவு அக்கலவைக்கும் அந்நோய்க்கும் மட்டுமே உரியது. கடைகளில் கிடைக்கும் வேறு கலவைகளுக்கு இதனைப் பொருத்திப் பார்க்க இயலாது.

அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கிடைத்த சான்றுகள் போதாமையால், குரோன் நோய்க்கும் பெருங்குடல் புண் அழற்சிக்கும் புரோபயாட்டிக்கை மருத்துவ ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

கோளாறின் காரணம்

தன்னுடல் தாக்குநோய் உடையவருக்கு ஏற்படும் வயிற்றுக் கோளாறு பல காரணங்களால் வரக்கூடும்.

நோயே காரணமாதல்: தோலை இறுகச் செய்யும் ஸ்கிளீரோடெர்மா நோயில் குடலின் அசைவு குறைந்து, சிறுகுடலில் பாக்டீரியாக்கள் மிகுதியாகப் பெருகும்.

மருந்து காரணமாதல்: மெத்தோட்ரெக்சேட் குமட்டலையும், மைக்கோபினோலேட் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். வலிநிவாரணிகள் இரைப்பைப் புண்ணைத் தோற்றுவிக்கலாம்.

தொற்று காரணமாதல்: எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்குத் தொற்றுகள் எளிதில் வரும். இந்தியாவில் குடல் காசநோயையும் குரோன் நோயையும் வேறுபடுத்தி அறிவதே கடினம்.

காரணத்தைக் கண்டறியாமல் புரோபயாட்டிக் மட்டும் உட்கொண்டால், உரிய சிகிச்சை தாமதமாகும்.

பாதுகாப்பு

நலமான ஒருவருக்குப் புரோபயாட்டிக் பெரும்பாலும் தீங்கற்றது. எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களிடத்தும், பெரிய இரத்தச் சிரையில் குழாய் செருகப்பட்டவர்களிடத்தும் இந்நுண்ணுயிரிகள் அரிதாக இரத்தத்தில் புகுந்து தொற்றாக மாறியதுண்டு. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்னும் ஈஸ்ட்டுக்கும் இது பொருந்தும். 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கடுமையான கணைய அழற்சி உடையோருள் புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர். அது தன்னுடல் தாக்குநோய் அன்று. எனினும் கடும் நோயுற்ற உடலில் நல்ல நுண்ணுயிரியும் தீங்கு செய்யலாம் என்பதற்கு இது சான்றாகும்.

சீலியாக் நோயாளிகள் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தை அறவே தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2015இல் சோதித்த 22 புரோபயாட்டிக் பொருள்களில் 12இல் குளூட்டன் காணப்பட்டது. நம் ஊர் நீர்மோரில் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு.

கவனிக்க வேண்டியவை

* புரோபயாட்டிக்கைத் தொடங்கியதற்காக வழக்கமான மருந்துகளை நிறுத்துதல் கூடாது. நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.
* மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடை குறைதல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியன இருப்பின் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.
* உறையில் நுண்ணுயிரியின் முழுப்பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள், சேமிக்கும் வெப்பநிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெப்பம் மிகுந்த ஊர்களில் வெளியே வைக்கப்படும் பொருளில் நுண்ணுயிரிகள் மடியக்கூடும்.
* எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், காய்ச்சிய பாலில் உறைந்த புதிய தயிரையே உண்ணுதல் நலம். பழைய சோற்றுக்குக் காய்ச்சி ஆறவைத்த நீரைப் பயன்படுத்த வேண்டும்.