அடிவயிற்று வலியும் நமது அலட்சியமும்

வீட்டில் பெண் குழந்தை வயிறு வலிக்கிறதென்று சொன்னால், முதலில் வருவது ஓமத் தண்ணீர். அடுத்து வருவது, "பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் உண்டு, பொறுத்துக்கொள்" என்னும் உபதேசம். அநேக வலிகளுக்கு இவ்விரண்டும் போதும். போதாத வலியும் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நமது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி திடீரென்று வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், வாந்தியும் எடுத்தாள். அரைமணியில் வலி தணிந்தது. அஜீரணம் என்று தீர்மானித்து நாம் கணக்குப் பாடத்தைத் தொடர்ந்தோம். மாலையில் வலி முன்னிலும் கொடூரமாகத் திரும்பிற்று. அவளுடைய சூல்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

கர்ப்பப்பையின் இருபுறமும் உள்ள சூல்பைகளைத் தசைநார்கள் தாங்கி நிற்கின்றன. இரத்தக் குழாய்களும் அவற்றின் வழியேதான் செல்கின்றன. சூல்பையில் கட்டி வளர்ந்து, முக்கியமாக 5 செண்டிமீட்டருக்கு மேற்பட்டால், அது பாரத்தினால் சுழன்று, கிணற்றுக் கயிறு போல் முறுக்கேறக்கூடும். பல சமயங்களில் கருக்குழாயும் உடன் முறுக்கிக்கொள்ளும். மெல்லிய சுவருடைய சிரைகள் முதலில் நெரிபடுகின்றன. தமனி மேலும் இரத்தத்தைச் செலுத்த, அது திரும்ப வழியின்றிச் சூல்பை வீங்குகிறது. முடிவில் தமனியும் அடைபடுகிறது. இடப்புறத்தில் பெருங்குடல் இடத்தை அடைத்துக்கொள்வதால், வலப்புறத்திலேயே இது அதிகம். சிறுமிகளுக்குக் கட்டி இல்லாமலும் நேரிடலாம், கர்ப்பிணிகளுக்கும் வருவதுண்டு.

இதைக் கண்டறிவது எளிதன்று. குடல்வால் அழற்சியும், சிறுநீரகக் கல்லும், கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே வேஷத்தில் வரும். ஆகவே, பிள்ளை பெறும் வயதினருக்கு டாக்டர்கள் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார்கள். பிறகு ஒலி அலைகளால் படமெடுக்கிறார்கள். 1958-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை, வயிற்றுக் கட்டிகளை இம்முறையில் ஆராய வழி திறந்தது. ஒரு பக்கத்துச் சூல்பை மட்டும் பெருத்திருப்பதும், அதன் காம்பு நீர்ச்சுழி போல் தோன்றுவதும் முறுக்கின் அடையாளங்கள்.

டாப்ளர் முறையால் இரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். ஆனால் ஓட்டம் தெரிகிறது என்பதால் முறுக்கு இல்லையென்று முடிவு கட்டிவிடக் கூடாது. சூல்பைக்கு இரு வழிகளில் இரத்தம் வருகிறது. முறுக்கு லேசாகவோ, விட்டுவிட்டோ இருக்கலாம். சந்தேகம் தீராதபோது, சிறு துவாரத்தின் வழியே லாபராஸ்கோப் கருவியைச் செலுத்தி நேரில் பார்ப்பதே நிச்சயமான வழி.

பார்த்த கையோடு முறுக்கை அவிழ்த்தும் விடலாம். இரத்தக் கட்டி உடலில் பரவிவிடுமோ என்று அஞ்சி, முற்காலத்தில் முறுக்கிய சூல்பையை அறுத்தெடுத்தார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லையென்று பின்னர் தெரிந்தது. நீலம் பாரித்துக் கறுத்திருந்தாலும், முறுக்கு நீங்கியபின் பல சூல்பைகள் பிழைக்கின்றன. தாமதம் நீள நீள, அந்த நம்பிக்கை தேய்கிறது.

நம் மாணவியின் சூல்பையும் பிழைத்தது. அது டாக்டரின் திறமை, நமது சாமர்த்தியமன்று. திடீரென்று ஒரு பக்கத்தில் கடும் வலி வந்து, வாந்தியும் சேர்ந்தால், வலி இடையே தணிந்தாலும், ஓமத் தண்ணீரை வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். பொறுமை பெண்களுக்கு அணிகலன் என்று போதிக்கும் நாம், எப்போது பொறுக்கக் கூடாதென்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.