அரசின் கையும் அந்நிய ஆலையும்

ஓர் அரசு தன் எல்லைக்குள் வேறு எவருக்கும் கட்டுப்படாத அதிகாரம் உடையது, அதற்கு இறைமை என்று பெயர் எனக் குடிமையியல் பாடத்தில் படிக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அந்த விடை போதும். ஆனால் உலகமயமாதல் என்று சொல்லப்படும் இக்காலத்தில் அந்த அதிகாரம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அறிய நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை சென்றால் போதும்.

புறப்படும் முன் நம் பக்கத்து ஊராகிய பாடியைச் சற்று நோக்குவோம். அங்குள்ள லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை இங்கிலாந்து நாட்டு லூக்காஸ் நிறுவனமும் நம் நாட்டு டி.வி.எஸ். நிறுவனமும் 1961இல் கூட்டாகத் தொடங்கியது. ஆகவே அந்நிய முதலீடு நமக்குப் புதியதன்று. ஆனால் அந்நாளில் நிபந்தனை விதித்தது நம் அரசு. தொழில் தொடங்க உரிமம் வேண்டும். இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பெரும்பாலான அந்நியக் கம்பெனிகள் தங்கள் பங்கை நாற்பது சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. அதற்கு உடன்படாத கோகோ கோலா 1977இலும், ஐ.பி.எம். 1978இலும் நாட்டை விட்டு வெளியேறின. அரசு அசையவில்லை. அந்த உறுதியால் நமக்கு இழப்பும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்கூட்டர் வாங்கப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதையை நம் பாட்டனார் தலைமுறையினர் இன்றும் சொல்லுவர்.

1991 ஜூலையில் இந்தக் கொள்கை மாறியது. அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறக்கப்பட்டது. அதன்பின் கம்பெனிகளிடம் மாநிலங்கள் நிபந்தனை கேட்கும் நிலை போய், மாநிலங்களிடம் கம்பெனிகள் சலுகை கேட்கும் நிலை வந்தது. நிலம், மின்சாரம், வரிச்சலுகை இவற்றை யார் அதிகம் தருவார் என்று ஒரே நாட்டின் மாநிலங்களே ஒன்றோடொன்று போட்டியிட்டன.

இந்தப் போட்டியில் தமிழகம் வென்ற பெரிய பரிசு நோக்கியா. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த இந்தக் கைபேசிக் கம்பெனியுடன் தமிழக அரசு 2005இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் உற்பத்தி தொடங்கியது. அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் அதே வளாகத்தில் வந்து சேர்ந்தன. 2011ஆம் ஆண்டுக்குள் ஐம்பது கோடி கைபேசிகள் அங்கிருந்து வெளிவந்துவிட்டன. வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள்; பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேர்ந்தவர்கள். கம்பெனிப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று அவர்களை ஏற்றி வந்தன. இரவு வேலைக்கும் பெண் பிள்ளைகள் துணிந்து போனது எத்தனையோ குடும்பங்களில் அதுவே முதல் தடவை.

சிக்கல் 2013இல் வந்தது. கைபேசியில் ஏற்றப்படும் மென்பொருளுக்காக இங்குள்ள தொழிற்சாலை பின்லாந்திலுள்ள தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பி வந்தது. அந்தப் பணம் உரிமத் தொகை, ஆகவே அனுப்பும்போதே அதில் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது நம் வருமான வரித்துறை. அது பொருளுக்குக் கொடுத்த விலை, அதற்கு இங்கே வரி இல்லை என்றது கம்பெனி. கோரப்பட்ட தொகை ரூ.2,000 கோடிக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைபேசித் தொழில் முழுவதையும் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு விற்பதாக அறிவித்தது. விற்றுவிட்டால் வரியை யாரிடம் வசூலிப்பது? வரித்துறை இங்குள்ள சொத்துகளை முடக்கியது. 2014 மார்ச்சில் தமிழக அரசும் ஏறத்தாழ ரூ.2,400 கோடி மதிப்புக் கூட்டு வரி கேட்டது. அதே மாதத்தில், தொழிற்சாலையைக் கைமாற்ற வேண்டுமானால் ரூ.3,500 கோடிக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அரசுக்கு அதிகாரம் இல்லை என்று இதைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். உலகப் பெருங்கம்பெனி ஒன்றின் சொத்தை ஓர் ஆணையால் நிறுத்தி வைக்க முடிந்தது. ஆனால் கட்டடமும் இயந்திரமும்தான் நின்றன. 2014 ஏப்ரலில் மற்ற நாடுகளிலுள்ள பெரும்பாலான ஆலைகள் மைக்ரோசாப்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் ஆலை விடுபட்டது. கூலிக்குச் செய்துதரும் ஆலையாகச் சில மாதம் ஓடியது. தொழிலாளர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் விருப்ப ஓய்வு பெற்றனர். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அதற்கு 'விருப்ப' என்ற அடைமொழி வேறு. எஞ்சியிருந்த சில நூறு பேருக்கும் 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு வேலை முடிந்தது.

வரி கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. நியாயமாக வரவேண்டிய வரியை ஏழை நாடு கேட்காமல் விட்டால் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எதைக்கொண்டு நடக்கும்? ஆனால் சலுகை கொடுத்து அழைத்த கையும், வரிக்காகப் பிடித்த கையும் ஒரே உடலின் கைகளாக இயங்கவில்லை என்பதே என் குறை.

வழக்கு தீர்ந்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. இந்தியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையே, ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி வாங்காமல் தவிர்க்க ஓர் ஒப்பந்தம் உண்டு. கருத்து வேறுபாடு வந்தால் இரு நாட்டு வரி அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி முடிவு காண அதில் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் 2018இல் உடன்பாடு ஏற்பட்டது. நோக்கியா 20 கோடி யூரோவுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ ரூ.1,600 கோடி செலுத்த ஒப்புக்கொண்டது. தனியாக நின்று ஐந்து ஆண்டு போராடிய அரசுக்கு, மற்றோர் அரசோடு சேர்ந்து பேசியபோதுதான் பணம் கிடைத்தது.

திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009இல் வெளியிட்ட 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடலில், உலக வாணிபமும் நிதியும் அரசுகளின் இறைமைக்கு எல்லை வகுத்துவிட்டதை எடுத்துக்காட்டி, அதற்காக அரசின் காலம் முடிந்ததென எண்ணிவிடலாகாது என்றும் எழுதினார். நாடுகளும் இதை உணராமல் இல்லை. சலுகைப் போட்டிக்கு ஓர் எல்லை கட்ட, பெருங்கம்பெனிகள் எங்கிருந்தாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் 136 நாடுகள் உடன்பட்டன. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா, இது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்துவிட்டது.

வரிக்காவது இப்படி ஒப்பந்தங்கள் உண்டு. வேலை இழந்த பெண்ணுக்காக இரு நாட்டு அதிகாரிகள் ஒரு மேசையில் அமர வேண்டும் என்று சொல்லும் விதி எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உலகத் தொழிலாளர் நிறுவனம் 1919 முதல் இருந்து வருகிறது. ஆனால் அது தன் உடன்படிக்கைகளை ஏற்கும்படி நாடுகளைக் கேட்கலாமே தவிரக் கட்டாயப்படுத்த இயலாது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய அதன் 87ஆம் எண் உடன்படிக்கையை (1948) நம் நாடே இன்னும் ஏற்கவில்லை.

பூட்டிக் கிடந்த அந்த ஆலையைச் சால்காம்ப் என்னும் கம்பெனி வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. கைபேசிகளுக்கு மின்னேற்றும் கருவி செய்யும் கம்பெனி அது. அதுவும் பின்லாந்தில் பிறந்ததுதான். மீண்டும் அங்கே பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2006இல் இருபது வயதில் அந்த வாசலில் நுழைந்தவளுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று.