உங்களுக்குத் தெரியுமா? தோல் முதிரக் காத்திருக்கும் வைரசு

● மீனும் இறைச்சியும் வெட்டுவோரின் கைகளில் பாலுண்ணி கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓலைத்தொடுவாய் போன்ற மன்னார்க் கரையோர ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி. குற்றம் மீனுடையதல்ல, காரணம் மனிதரில் வாழும் எச்.பி.வி. வைரசு. ஈரத்தில் ஊறிய தோலும் முள் கீறிய காயமும் அதற்கு வழிவிடுகின்றன.

● கீறலினூடாக இறங்கும் வைரசு, தோலின் அடித்தட்டுக் கலங்களில் குடியேறும். அங்கே தன் புரதங்களை மிகக் குறைவாகவே ஆக்கும்.

● அடித்தட்டில் பிறந்த கலம் முதிர்ந்து, மேலேறி, தட்டையாகி உதிர ஏறத்தாழ ஒரு மாதமாகும். அந்த முதிர்ச்சிதான் வைரசின் கடிகாரம். கலம் மேலேறும்போது வைரசின் டி.என்.ஏ. பெருகும், மேல்தட்டை எட்டிய பிறகே எல்1, எல்2 என்ற உறைப் புரதங்கள் உருவாகும்.

● உறைப் புரதத்தை நோய் எதிர்ப்புக் கலங்கள் எளிதில் இனங்காணும். உதிரப்போகும் கலத்தில் மட்டும் அதை ஆக்குவதால் வைரசு பல காலம் பிடிபடாமல் தப்புகிறது.

● ஆய்வுகூடத்தில் சாதாரணமாக வளர்க்கும் கலங்களில் இந்த வைரசு முழுமை பெறாது. காற்றுப்பட வளர்த்து, அடுக்கடுக்காக முதிரவைத்த திசுவில் முழு வைரசை ஆக்கிய ஆய்வு 1992இல் வெளியானது.

● 360 எல்1 புரதங்கள் சேர்ந்தால் ஓர் உறை. 1991இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் டி.என்.ஏ. இல்லாத வெற்று உறையை உருவாக்கிக் காட்டினர். அது நோய் தராது. எதிர்ப்புச் சக்தியை மட்டும் தூண்டும். 2006இல் வந்த எச்.பி.வி. தடுப்பூசிக்கு அடிப்படை அதுவே.

● எச்.பி.வி. பாலுண்ணியோடு நிற்பதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்கு எச்.பி.வி. 16, 18 வகைகளே காரணம். கைப் பாலுண்ணியின் வகைகள் வேறு. புற்றாக மாறும் கலம் முதிர்வதில்லை. அதில் வைரசின் ஈ6, ஈ7 புரதங்கள் பெருகும், எல்1 உருவாகாது.

● அடித்தட்டில் வைரசு ஒளிந்திருக்கும் கலத்திலும் எல்1 இல்லை. ஆகவே எல்1இனாலான தடுப்பூசியால் ஏற்கெனவே புகுந்த வைரசை விரட்ட முடியாது. தொற்று வருமுன் போட்டால்தான் முழுப் பயன்.

● இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. 35 வயதுப் பெண்களுக்கு அரச கிளினிக்குகளில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் உண்டு. பெற்றோரே, பாடசாலையிலிருந்து சம்மதப் படிவம் வந்தால் தயங்காமல் ஒப்பமிடுங்கள். தாய்மாரே, உங்கள் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.