மூளைப் புறணியின் அடுக்குகளை அளப்பது எப்படி?

கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை ஒருமுறை தட்டுங்கள். இச்சிறு செயலுக்குள் உங்கள் மூளை இரண்டு வேலைகளை முடித்துவிட்டது. விரலை அசைக்க ஆணை அனுப்பியது. விரல் நுனியின் தொடு உணர்ச்சியையும் பெற்றுக்கொண்டது. மண்டை ஓட்டைத் திறக்காமலே இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலுமா?

மூளையைப் போர்த்தியுள்ள புறணியின் தடிப்பு 2 முதல் 4 மி.மீ. வரைதான். அதன் பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள் உள்ளன. விரலை இயக்கும் பகுதியில், வெளியிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் மேலடுக்குகளை அடைகின்றன. தண்டுவடத்துக்குச் செல்லும் ஆணைகள் ஆழத்திலுள்ள ஐந்தாம் அடுக்கிலிருந்து புறப்படுகின்றன. ஆகவே அடுக்கைப் பிரித்தறிந்தால் வேலையையும் பிரித்தறியலாம்.

நரம்புச் செல்கள் உழைக்கும் இடத்துக்குப் புதிய இரத்தம் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தப் பண்பு உண்டு. இதைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் காந்த ஒத்ததிர்வுப் படத்தில் காணலாம் என்று 1990-இல் ஒகாவா குழுவினர் காட்டினர். ஆனால் ஒரு சிக்கல். ஆழத்து இரத்தம் சிரைகள் வழியே மேலேறிப் புறணியின் மேற்பரப்பில் சேர்கிறது. எந்த அடுக்கு உழைத்தாலும் மேலடுக்கே மிகுதியாக ஒளிர்கிறது. பாலத்தடியில் வெள்ளத்தைப் பார்த்து, எந்த ஓடைப்பக்கம் மழை பெய்தது என்று சொல்ல முடியுமா?

இதற்கு வழிகாட்டும் முறையொன்றை 2003-இல் ஹான்ஜாங் லூ குழுவினர் வெளியிட்டனர். ரேடியோ துடிப்பு ஒன்றால் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தத் திசையைத் தலைகீழாக்குகிறார்கள். அது பழைய நிலைக்கு மீளும் வழியில் ஒரு கணம் சுழியைக் கடக்கும். இரத்தத்துக்கும் திசுவுக்கும் இக்கணம் ஒன்றல்ல. இரத்தம் சுழியில் நிற்கும் கணத்தில் படமெடுத்தால், திசு மட்டுமே சைகை தரும். செல்கள் உழைக்கும்போது அருகிலுள்ள நுண்குழாய்கள் விரிகின்றன, திசுவின் பங்கு சுருங்குகிறது, சைகையும் குறைகிறது. பெரிய சிரைகள் அவ்வளவாக விரிவதில்லை. எனவே அவற்றால் வரும் மயக்கமும் குறைகிறது. சைகை மெலிந்தது என்பதால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

2017-இல் ஹூபர் குழுவினர் 7 டெஸ்லா காந்தத்தில் இம்முறையைக் கையாண்டனர். இது புவியின் காந்தப் புலத்தைப்போல் லட்சம் மடங்குக்கும் மேல் வலிமையானது. விரல் தட்டியபோது, மேலே ஒன்றும் ஆழத்தில் ஒன்றுமாக இரு பட்டைகள் தோன்றின. அசைவின்றித் தொடு உணர்ச்சி மட்டும் தந்தபோது, மேல்பட்டையே முதன்மையாகத் தெரிந்தது.

ஏறத்தாழ முக்கால் மி.மீ. அளவுள்ள ஒவ்வொரு படப்புள்ளியிலும் பல்லாயிரம் செல்கள் உள்ளன. ஆறு அடுக்குகளும் தனித்தனியே புலப்படுவதில்லை. எனினும், கேட்பது எது, ஆணையிடுவது எது என்பதை உயிருள்ள மனிதரில் கத்தி படாமல் காண முடிந்திருக்கிறது. இன்னொரு முறை விரலைத் தட்டிப் பாருங்கள். அந்த இரு பட்டைகளும் இப்போது உங்கள் தலைக்குள்ளும் விழித்திருக்கும்!