மலையிறங்கிய பிறகு

சியாச்சின் பனிமலைக் காவலில் இருந்தவர் என்றதும் நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, அங்கே குளிர் எவ்வளவு என்பதுதான். மைனஸ் 50 டிகிரி என்றால் வாயைப் பிளந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். குளிர் மட்டுமே கதையல்ல. 1950-களில் சோவியத் விமானங்களை எதிர்பார்த்து அமெரிக்காவும் கனடாவும் ஆர்க்டிக் நெடுக அமைத்த ராடார் நிலையங்களிலும் உறைய வைக்கும் குளிர்தான். ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு மூச்சு விடக் காற்றுக்குப் பஞ்சமில்லை. சியாச்சினில் 18,000 அடி ஏறினால், புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் நாம் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் மிஞ்சும். அதற்கும் மேலே காவல் சாவடிகள் இருக்கின்றன.

நாலைந்து பேர் ஒடுங்கிப் படுக்கும் கூடாரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு இரவும் பகலும் எரிகிறது. பனிக்கட்டியை அதில் உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். புகை போக வழி குறைவு. காலையில் காறித் துப்பினால் சளி கறுப்பாக வரும். பசி செத்துவிடும். படுத்தாலும் மூச்சுத் திணறி விழிப்புத் தட்டும். வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பனிப்புண் முற்றினால் விரலையே எடுக்க வேண்டிவரும். வெளியே கிளம்பினால் ஒரே கயிற்றில் எல்லோரும் பிணைத்துக்கொண்டுதான் நடை. ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

2003 நவம்பர் முதல் அங்கே போர்நிறுத்தம். ஆனால் மலை நிறுத்தவில்லை. 1984-லிருந்து அங்கே நாம் இழந்த 800-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டல்ல, பனியும் உயரமும்தான். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் சாவடியில் பனிச்சரிவு மூடியது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை. அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி போய்விட்டார். அந்த ஒரு வாரம் நாடே அழுதது.

என் கவலை உயிரோடு இறங்கி வருகிறவர்களைப் பற்றியது. மேலே இருக்கும் மாதங்களில் ரத்தம் கெட்டிப்படுகிறது. காலிலும் மூளையிலும் அது உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. ஞாபகமும் கவனமும் தடுமாறுகின்றன. பலருக்கு இறங்கியதும் சரியாகிவிடலாம். ஆகாதவர்களை யார் கவனிக்கிறார்கள்? ஓய்வு பெற்றவர்கள் தொழிற்பேட்டை வாசல்களில் காவலுக்கு நிற்கிறார்கள். உயரத்தைப் பற்றி அவர்களை யாரும் கேட்பதில்லை.

புதுச்சேரிக்கு இது பழைய குறை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரைக்கும் போய்வந்த சொல்தாக்களின் பென்ஷன் எவ்வளவு என்று தெருவே கணக்குச் சொல்லும். ராத்திரி அவர்கள் ஏன் தூங்கவில்லை என்று வீட்டில்கூடக் கேட்டதில்லை.

உடையும் மருத்துவமும் முன்னைவிட எவ்வளவோ தேறிவிட்டன என்று ராணுவத் தரப்பில் சொல்கிறார்கள், உண்மைதான். இந்தியாவும் பாகிஸ்தானும் படையை விலக்கிக்கொண்டால் போதும் என்பாரும் உண்டு. அது நடக்கும்போது நடக்கட்டும்.

அதுவரை, சியாச்சின் போய்வந்தவர் வீட்டில் இருந்தால், காரணமில்லாத மறதி, கால் வீக்கம், ஒருபக்கம் மரத்துப்போவது எதையும் வயதின் மேல் போட்டுவிட வேண்டாம். கை கால் மரத்தாலோ பேச்சு குழறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எத்தனை அடி உயரத்தில், எத்தனை மாதம் இருந்தார் என்பதை டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.