ஜூரர் எப்போது வாய் திறக்கலாம்?

1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யைத் தயாரித்தது சேலம் சங்கர் பிலிம்ஸ். நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர். எட்டு ஆண்டுகள் கழித்து அதே பாகவதர் சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்துபோன வழக்கு அது. பாகவதரும் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகளா இல்லையா என்று சொல்லும் பொறுப்பு ஒன்பது ஜூரர்களிடம் இருந்தது. ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த ஆறுக்கு மூன்று என்ற கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, உயர் நீதிமன்ற ஜூரியில் குறைந்தது ஆறு பேர் ஒரே கருத்தில் இருந்து, நீதிபதியும் அதை ஏற்றால்தான் தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு என்று வந்திருந்தால் ஜூரியைக் கலைத்துவிட்டு வேறு ஜூரியை வைத்து விசாரித்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் போதும்! அந்த ஆறு பேரில் ஒருவர் பின்னாளில் வந்து, “உள்ளே முறைகேடு நடந்தது, நான் சாட்சி சொல்கிறேன்” என்று சொல்லியிருந்தால் கோர்ட் கேட்டிருக்குமா? அப்படி யாரும் வரவில்லை. ஆனால் ஜூரி முறை உள்ள நாடுகளையெல்லாம் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக அலைக்கழிக்கும் கேள்வி இதுதான்.

ஜூரி என்பது சட்டம் படிக்காத சாதாரணக் குடிமக்கள் கூட்டம். சாட்சிகளைக் கேட்பார்கள், வக்கீல்களின் வாதத்தைக் கேட்பார்கள், சட்டம் என்ன என்று நீதிபதி விளக்குவதைக் கேட்பார்கள். பிறகு தனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். வெளியே வந்து சொல்வது ‘குற்றவாளி’ அல்லது ‘குற்றவாளி அல்ல’ என்பது மட்டுமே. காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதியின் தீர்ப்பு பக்கம் பக்கமாகக் காரணங்களோடு வருவதால், அதில் ஓட்டை இருந்தால் அப்பீலில் விரல் வைத்துக் காட்டலாம். ஜூரியின் தீர்ப்பில் விரல் வைக்க எதுவுமே இல்லை. உள்ளே நடந்த தவறு ஜூரரின் வாய் வழியாக வந்தால்தான் உண்டு.

அந்த வாயை 1785-இல் இங்கிலாந்தில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு அடைத்தார். ஜூரர்கள் காசு சுண்டிப் போட்டுத் தீர்ப்பை முடிவு செய்ததாக ஒரு வழக்கில் புகார். சுண்டிய ஜூரர்களே பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தும் அவர் ஏற்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த மூன்றாம் ஆள் யாராவது வந்து சொன்னால் கேட்கலாம் என்றார். இதைப் படித்தால் கோபம் வரும். ஆனாலும் அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்ற கட்சிக்காரர் ஒவ்வொரு ஜூரர் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்து, “நீங்கள் மனசாரத்தான் சொன்னீர்களா?” என்று கேட்கத் தொடங்கினால் எந்த வழக்கும் முடியாது. மிரட்டலும் பணமும் அந்தத் திண்ணைக்கு வர அதிக நாள் ஆகாது. நாளை வெளியே வரும் என்று தெரிந்தால் அறைக்குள்ளும் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள்.

ஆகவே கோர்ட்டுகள் ஒரு கோடு கிழித்தன. வெளியிலிருந்து ஏதாவது அறைக்குள் நுழைந்திருந்தால் ஜூரர் சொல்லலாம்: லஞ்சம், மிரட்டல், காவலுக்கு நின்ற சேவகர் காதில் போட்ட சேதி, வழக்கைப் பற்றிய பத்திரிகைச் செய்தி. உள்ளே ஒருவருக்கொருவர் பேசியதையும், எப்படி யோசித்தார்கள் என்பதையும் சொல்லக்கூடாது.

கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது, நடைமுறையில் விபரீதமாகப் போகிறது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டானர் வழக்கில், விசாரணை நடந்த நாட்களில் ஜூரர்கள் சிலர் மதிய வேளையில் குடித்தார்கள், போதைப்பொருள் எடுத்தார்கள், பிறகு கோர்ட்டில் தூங்கினார்கள் என்று சக ஜூரரே சொன்னார். அது ‘வெளியிலிருந்து’ வந்தது அல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1994-இல் ஒரு கொலை வழக்கின் ஜூரர்கள் நான்கு பேர், இரவு தங்கிய ஓட்டலில் ஆவியை அழைக்கும் பலகையை வைத்து, செத்தவரிடமே கொலையாளி யார் என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பு ரத்தானது. காரணம், ஓட்டல் என்பது ஜூரி அறை அல்ல. அதனால் அங்கே நடந்ததை விசாரிக்கலாம். அதே பலகை ஜூரி அறை மேசைமேல் இருந்திருந்தால்?

நம் நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இந்த இடத்தில் வெளிச்சம் காட்டியது. பீகாரைச் சேர்ந்த ராஸ் பிஹாரி லாலின் அப்பீல் 1933-இல், அன்று இந்தியாவுக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அவரைக் குற்றவாளி என்ற ஜூரியில் ஒருவருக்கு ஆங்கிலமே தெரியாது. வக்கீல்களின் வாதமும் நீதிபதியின் விளக்கமும் ஆங்கிலத்தில் நடந்தவை. புரியாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரு மனிதனின் தலைவிதியைச் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு வந்த பிறகு இதைக் கிளப்பக்கூடாது என்ற வாதத்தை அட்கின் பிரபு ஏற்கவில்லை. ஜூரி அறைப் பேச்சு ரகசியம் என்பது வேறு, ஜூரராக உட்காரவே தகுதி இல்லாதவர் உட்கார்ந்தார் என்பது வேறு என்று பிரித்தார். வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும்தான், நீதி அதைவிடப் பெரிது என்ற பொருளில் அவர் எழுதிய வாக்கியத்தை இன்றும் வெவ்வேறு நாட்டு நீதிபதிகள் எடுத்தாளுகிறார்கள். தண்டனை ரத்தானது.

அமெரிக்காவில் இந்தக் கதவு இன்னும் சற்றுத் திறக்க 2017 வரை ஆனது. பெனா ரோட்ரிகஸ் வழக்கில், ‘மெக்சிகோக்காரன், அதனால் செய்திருப்பான்’ என்ற பொருளில் ஒரு ஜூரர் பேசியதைச் சக ஜூரர்கள் இருவர் வெளியே சொன்னார்கள். இனவெறியால் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்ததற்குத் தெளிவான சான்று இருந்தால் ரகசியம் வழிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் படிக்கும்போது எனக்குச் சேலமும் நாமக்கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே மூடிய அறைக்குள் ஒருவரது சாதியைச் சொல்லித் தலையை ஆட்டினால் எது வெளியே வரும்? இந்த விதிவிலக்கு இல்லாத ஜூரியை நான் ஏற்க மாட்டேன்.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போனது. ஜூரரின் வாயைத் திறப்பதைவிட, தீர்ப்பைத் திருத்தும் கையை வலுவாக்கியது. ஜூரியோடு உடன்படாத செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 1959-இல் பம்பாயில் கொலை வழக்கில் சிக்கிய கடற்படை அதிகாரி நானாவதியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி குற்றமற்றவர் என்றபோது நடந்தது அதுதான். உயர் நீதிமன்ற ஜூரியின் தீர்ப்பில் உண்மை விவரங்களையே எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை 1943-இல்தான் வந்தது. அது வந்த மறு வருடம் கைதானவர் பாகவதர். முதல் அப்பீல் தோற்றது, பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொன்னது, 1947 ஏப்ரலில் அவரும் கிருஷ்ணனும் விடுதலையானார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் சிறையில் கழிந்திருந்தது. ஆறு ஜூரர்கள் எதை நம்பினார்கள் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

1973-இன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடம் தரவில்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் குடியுரிமை பெற்று வாழும் லண்டனிலும் டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் ஜூரி அழைப்பு வீட்டுக்கு வருகிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் ஜூரி அறைப் பேச்சை வெளியே சொல்வது, சட்டம் விலக்கு அளித்த சந்தர்ப்பங்கள் தவிர, குற்றமே. உள்ளே தவறு நடப்பதைப் பார்க்கும் ஜூரர், தீர்ப்பு சொல்லப்படும் முன்பே கோர்ட் ஊழியர் மூலம் நீதிபதிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் நீதிபதி விசாரிக்கலாம், அந்த ஜூரரை விலக்கலாம், தேவைப்பட்டால் ஜூரியையே கலைக்கலாம்.