குரும்பட்டித் தேரும் காளைத் தலையும்

கொடிகாமத்துத் தென்னந்தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டிகளைப் பொறுக்கி, ஈர்க்கினாற் கோத்துச் சிறுவர் தேர் செய்வர். அத்தேருக்குச் சில்லும் உண்டு, முடியும் உண்டு. தேங்காயாகாது வீழ்ந்த பிஞ்சு, ஒருவர்க்கும் உதவாதது, தேராகி நிற்கின்றது. உண்மைத் தேரைப் போல இருத்தலால் அங்கே நகை பிறப்பதன்று. தேரான பின்னரும் குரும்பட்டியாகவே தோன்றுதலாற் பிறக்கின்றது. தோட்டத்து வெருளியும் இவ்வினத்ததே. கழித்த சட்டையும் வைக்கோலும் சுண்ணாம்புப் புள்ளியிட்ட பழஞ்சட்டியும் சேர்ந்து ஓர் ஆளாகின்றன. காகம் ஐயுறுகின்றது; மனிதர் சிரிக்கின்றனர்.

இக்காலச் சிற்பிகளுள் ஒரு சாரார் கையாளும் முறையும் இதுவேயாம். கல்லைச் செதுக்காமலும் உலோகத்தை வார்க்காமலும், வீட்டிலும் வீதியிலும் கிடக்கும் பொருள்களையே இணைத்து உருச் செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டிற் பரவியது. 1942 ஆம் ஆண்டில், பாரிசு நகரம் செருமானியப் படையின் பிடியிலிருந்த காலத்தில், பிக்காசோ பழைய துவிச்சக்கர வண்டியின் இருக்கையையும் கைபிடியையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். இருக்கை முகமாயிற்று, கைபிடி கொம்பாயிற்று. கண்ணோ காதோ அவர் சேர்த்தாரல்லர்; சேர்த்திருப்பின் கெட்டிருக்கும். காண்பவன் ஒரு கணம் காளையையும் மறுகணம் வண்டியையும் காண்கின்றான். இரண்டில் ஒன்றை மறைத்துவிடின் அங்குச் சிற்பமுமில்லை, சிரிப்புமில்லை. 1951 இல் அவர் செய்த மந்தியும் குட்டியும் என்னும் சிற்பத்தில், மகனுடைய விளையாட்டுக் கார்கள் இரண்டு அடியோடு அடி சேர்ந்து மந்தியின் முகமாகின்றன.

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களன் நான்கனுள் எள்ளலையும் இளமையையும் கூறுவர். இச்சிற்பங்களை அறிதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்யும். 1917 இல் மார்செல் டூசாம் என்பார், கடைச்சரக்கான சிறுநீர்ப் பீங்கான் ஒன்றுக்கு ‘நீரூற்று’ எனப் பெயரிட்டு நியூயோர்க்குக் கண்காட்சிக்கு அனுப்பினார். அதனைக் காட்சிக்கு வைக்க அங்குள்ளோர் மறுத்தனர். அஃது எள்ளலிற் பிறந்த நகை. பிக்காசோவின் காளையோ இளமையிற் பிறந்தது. குரும்பட்டித் தேருக்கு உறவானது. எள்ளல் முதன்முறை சுடும். பின்வந்தோர் பலர் அதனையே திரும்பத் திரும்பச் செய்து சலிப்பூட்டினர் என்பதை மறைத்தற்கில்லை.

இந்தியாவில் இம்முறையிற் பெரும்பணி செய்தவர் சிற்பக் கல்வி பெறாத ஒருவரே. நேக் சந்த் சண்டிகாரில் வீதிப் பணி மேற்பார்வையாளராயிருந்தவர். நேர்கோடுகளால் வகுக்கப்பட்ட அப்புதுநகருக்காக அழிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் ஓடுகளையும் திரட்டி, அரசாங்கக் காட்டுநிலத்தில் ஒருவரும் அறியாமற் பல்லாண்டு உருவங்கள் சமைத்தார். வளையற் சில்லுகளை ஆடையாக உடுத்த பெண்கள் அங்கே வரிசையாய் நிற்கின்றனர். சட்டப்படி அவை இடிக்கப்பட வேண்டியவை. எனினும் 1976 இல் அவ்விடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுபோத் குப்தா 2006 இல் எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் குவித்துப் பெரியதொரு மண்டையோடு செய்தார். சோறிடும் பாத்திரம் வெறுமையாய்ப் பல்லிளிக்கும்போது, நகை தொடங்கிய இடத்தில் அச்சம் வந்து நிற்கின்றது.

வறுமையுள்ள நாட்டிற் பயன்படு பொருளை இவ்வாறு விளையாட்டுக்கு ஆக்குதல் தகுமோ என வினவுவோர் உளர். அவ்வினாவைத் தட்டிக்கழித்தல் கூடாது. 1990 இற்குப் பின்னர், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தார் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றினர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவர் விளையாடினரல்லர். ஆயினும், ஒரு பொருளை அதன் தொழிலினின்று பெயர்த்து வேறொன்றாகக் காணும் கண் அவர்க்கும் சிற்பிக்கும் ஒன்றே. அவர் கண்டது வேறு பயனை. சிற்பி காண்பது வேறு உருவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன், போர்க்கால மக்கள் இவ்வாறு பிழைத்த கதைகளை அட்டைகளிற் பதித்து, நூலகப் பேழை போன்றதோர் அமைப்பில் வைத்து 2016 இற் கொச்சியிற் காட்டினார்.

தம் காளைத் தலையை எவரேனும் ஒரு தொழிலாளி கண்டெடுத்து மீண்டும் வண்டிக்கு இருக்கையாகவும் கைபிடியாகவும் பூட்டினால் நன்று எனப் பிக்காசோ கூறியதுண்டு. எரிபொருளின்றி ஊரே துவிச்சக்கர வண்டியில் ஓடிய அந்நாளில் அத்தலை கொடிகாமச் சந்தைக்கு வந்திருப்பின், மாலைக்குள் அவர் எண்ணம் நிறைவேறியிருக்கும்.